குறிஞ்சிப் பூ திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம் – உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானலில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்களைக் காலண்டராகப் போடலாமென்று மதுரையில் ஓர் அச்சகத்தில் மாதிரி எடுத்தேன். திரையில் நீலம் கலந்த ஊதாவாக இருந்த பூ, தாளில் கத்திரிக்காய்த் தோல் மாதிரி கறுத்து வந்திருக்கிறது. "உங்க மானிட்டரைப் பாருங்க சார்" என்கிறார் அச்சகத்துக்காரர். நியாயம்தான். வாங்கிய நாளிலிருந்து பிரைட்னஸ் நூற்றிலேயே கிடந்தது.

அப்புறம் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவி ஒன்றை இரவல் வாங்கினேன். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், காமா (இடைப்பட்ட சாயல்களின் வெளிச்ச அளவு) 2.2, திரை வெளிச்சம் 120 நிட் என்று வைத்து அளந்தேன். திரைக்கும் தாளுக்கும் இருந்த வெளிச்ச வித்தியாசம் குறைந்தது. ஆனால் இப்போது திரையில் நிழல் பகுதிகளில் லேசாகப் பச்சை அடிக்கிறது. கருவி பத்து வருடப் பழசு. பழைய கருவிகளின் ஃபில்டர் ஈரத்தில் கெடும் என்கிறார்கள்; எங்கள் ஊர் ஈரத்தில் லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கும்! ஜன்னலில் மேகம் ஏறினால் அறையே நீலமாகிவிடுகிறது என்பதால், திரைச்சீலையை மூடி ஒரே விளக்கில்தான் வேலை.

பச்சைக்குக் காரணம் கருவியா மானிட்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சோடு ஒப்பிட மானிட்டரின் வெள்ளையை 5000 கெல்வினுக்கு இறக்க வேண்டுமா? வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் பக்கம் யாரிடமாவது புதிய கருவி இருந்தால் ஒரு நாள் தருவீர்களா? நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். மலைப்பூண்டு ஒரு கிலோ உறுதி.