பதினொன்றே கால் மணிப் பயம்

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:

எனக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. கை ஏன் ஆடுகிறது என்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவேன். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத்தான் ஐந்து வருடம் பிடித்தது. அதை எழுதத்தான் வந்தேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தினமும் காலை பதினொன்றே கால் மணி வாக்கில் வரும். முதலில் நெஞ்சுக்குள் ஏதோ இறுகும். பின்கழுத்து வியர்க்கும். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, தகவல்தான் இன்னும் வந்து சேரவில்லை என்று அடித்துச் சொல்லும் மனசு. மகனுக்குப் போன் போடுவேன். அவன் எடுக்காவிட்டால் மருமகளுக்கு. அவளும் எடுக்காவிட்டால் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடை. எடுத்து, "என்னப்பா?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. "சும்மாதான்" என்பேன். வேலை நேரத்தில் தினமும் சும்மா கூப்பிடுகிற அப்பாவை எந்தப் பிள்ளை எத்தனை நாள் பொறுப்பான்?

இதய மருத்துவரிடம் போனேன். ஈசிஜி, எக்கோ எதிலும் குறையில்லை. "இதயத்துல ஒண்ணுமில்ல சார், மனசுதான்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, "நீ ஒரு கோழை" என்று சொன்ன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் யாரிடமும் பேச்செடுக்கவில்லை.

பிசியோதெரபி செய்துவிட வந்த பெண்தான் ஒருநாள் கேட்டாள்: "எத்தனை மணிக்கு வருது சார்?" அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நான் முப்பது வருடம் கோடு போட்டுப் பிழைத்தவன். அன்று மாலையே ஒரு தாளில் மூன்று பத்தி போட்டேன். மாத்திரை போட்ட நேரம், பயம் வந்த நேரம், கை ஆட ஆரம்பித்த நேரம். ஸ்கேல் நகராமல் இருக்க ஒரு முனையை மனைவி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் இரண்டாவது கோடு வளைந்துதான் போயிற்று.

இரண்டு வாரம் எழுதினேன். மாத்திரை 8.00. பயம் 11.10, 11.20, 11.15. கை 11.35, 11.40. ஒருநாள் மறந்துபோய் மாத்திரையை 9 மணிக்குப் போட்டேன். அன்று பயம் 12.15க்கு வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் குடும்பத்துக்கு நடக்கவிருந்த அந்தப் பெரிய கெடுதல், நான் மாத்திரையைத் தாமதமாகப் போட்டதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வந்திருக்கிறது!

நரம்பியல் மருத்துவர் என் கையைப் பார்த்ததைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் போடும் லெவோடோபா, அதாவது மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனத்தை ஈடுகட்டும் மாத்திரை, ரத்தத்தில் வெகு நேரம் தங்காது. நோயின் தொடக்கத்தில் மூளையில் மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகச் செலவழிக்கும். வருடம் ஆக ஆக அந்தச் செல்கள் குறையும், சேமிப்பும் போய்விடும். அப்புறம் மாத்திரை ஏறினால் நாமும் ஏறுவோம், இறங்கினால் இறங்குவோம். இறங்கும்போது கை கால் மட்டும் இறங்குவதில்லை, மனசும் இறங்குகிறது. சிலருக்கு நடுக்கத்துக்கு முன்பே பயம் வந்துவிடும். என் தாளில் இருபது நிமிடம் முன்னால்.

நானோ ஐந்து வருடமாக, கை ஆடுவதை நினைத்துத்தான் பயப்படுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வேளைக்கு வேளை இருந்த இடைவெளியை மருத்துவர் குறைத்தார். காலைப் பயம் பாதிக்கு மேல் போய்விட்டது. மாலையில் வரும் பயம் வேறு வகை. அதற்குக் கடிகாரமும் கிடையாது, கணக்கும் கிடையாது. அது இன்னும் இருக்கிறது.

ஆசிரியை:

அண்ணா, உங்களுக்கு மாத்திரையோடு வந்த பயம் எனக்கு நோய்க்கு முன்னாலேயே வந்துவிட்டது. இப்போது எனக்கு 46 வயது. பார்க்கின்சன் என்று தெரிந்தது 43இல். முப்பத்தெட்டு வயது வரை ஆயிரம் பிள்ளைகள் முன்னால் மேடையேறிப் பேசியவள் நான். திடீரென்று வகுப்பறைக் கதவைத் திறக்கவே வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. "வேலைப் பளு", "வயசு அப்படி", "ரொம்ப யோசிக்காதே" என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்த வருடங்களில்தான் மோப்ப சக்தியும் போயிற்று, வலது தோளும் இறுகியது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

நோயின் பெயரைச் சொன்ன அன்று என் கணவர் அழுதார். எனக்கு, வெளியில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. டோபமைன் மட்டுமல்ல, மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின், நாரட்ரினலின் என்ற ரசாயனங்களைச் சுரக்கும் செல்களும் இந்த நோயில் அடிபடுகின்றன, அதனால் பதற்றமும் நோயின் ஒரு பகுதிதான் என்று மருத்துவர் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது உண்டாம். அப்படியென்றால் அத்தனை வருடமும் நான் கோழையாக இருக்கவில்லை.

இன்னொன்று. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்தபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று எழுதிவைத்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ரொம்ப காலம் எல்லாரும் நம் கையை மட்டும் பார்த்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் பெரிய பயம் கையெழுத்து. வங்கிக் கவுன்ட்டரில் பேனாவைத் தொட்டதும் கை தனி வேலை செய்யும். பார்க்கிறார்களே என்ற நினைப்பு வந்தால் இரண்டு மடங்கு ஆடும். (மருத்துவரே என்னை நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லித்தான் நடுக்கத்தை வெளியே கொண்டுவந்தார். மனசுக்கு ஒரு வேலை கொடுத்தால் கை காட்டிக்கொடுத்துவிடும்.) இதற்காக மனநல ஆலோசகரிடம் பத்து வாரம் போனேன். அவர் தந்த வீட்டுப்பாடம் விசித்திரமானது. கவுன்ட்டருக்குப் போகும் முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறேனோ அதை எழுதிவைக்க வேண்டும். வந்த பிறகு, நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

முதல் தடவை நான் எழுதியது: "பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கிளார்க் கையெழுத்து பொருந்தவில்லை என்பார். அழுதுவிடுவேன்." போனேன். பேனாவை எடுக்கும் முன்பே, "எனக்குப் பார்க்கின்சன், கொஞ்சம் நேரம் ஆகும்" என்று நானே முந்திக்கொண்டேன். கிளார்க் தலையைத் தூக்காமல், "மெதுவா போடுங்கம்மா" என்றார். பின்னால் நின்றவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து பொருந்தவில்லை, அது மட்டும் பலித்தது. இன்னொரு தாள் கொடுத்தார்கள். அழவில்லை.

துணைக்கு வந்தவள்:

நோய் எனக்கில்லை, என் கணவருக்கு. ஆனாலும் எழுதுகிறேன்.

லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கதவு மூடப்போகிறது என்று மணி அடிக்கும். நான் "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பேன். இழுக்க இழுக்கக் கால் இன்னும் இறுகும். உடம்பு முன்னால் வரும், கால் வராது. ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்தே விழப் பார்த்தோம். என் அவசரமும் அவர் பதற்றமும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பழி என்மேலா?

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது வேலை செய்கிறது. கால் ஒட்டினால் இழுக்கக் கூடாது, நிற்க வேண்டும். மூச்சு விட்டு, பாரத்தை இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி ஊன்ற வேண்டும். அப்புறம் நான் என் பாதத்தை அவர் கால் முன்னால் குறுக்கே வைப்பேன். அதைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடுவார்! தட்டையான தரையில் ஓர் அடி வைக்க முடியாத மனிதர், என் செருப்பைத் தாண்டிக் குதிரை மாதிரி போகிறார். இந்த லிஃப்ட் போனால் அடுத்தது என்று நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னாலே பாதி நேரம் கால் வந்துவிடுகிறது.

சொல்லக் கூடாததையும் சொல்கிறேன். நான் வெளியே போனால் ஒரு மணி நேரத்தில் பதினான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். குளிக்கப் போனாலும் கதவருகே வந்து நிற்பார். நோய் என்று புத்திக்குத் தெரியும். இருந்தும் பதினைந்தாவது முறை போன் அடிக்கும்போது அதைத் தூக்கி எறியலாம் போலத்தான் இருக்கும். இப்போது சனிக்கிழமை மாலை அவருடைய தம்பி வந்து உட்காருகிறார். அந்த இரண்டு மணி நேரம் நான் ஒன்றும் செய்வதில்லை. சும்மா நடப்பேன்.

ஐயா, உங்கள் தாளில் நான்காவதாக ஒரு பத்தி போடுங்கள், ரத்த அழுத்தத்துக்கு. இவருக்குக் காலையில் எழுந்ததும் கண் இருட்டி, நெஞ்சு படபடத்து, "பயமா இருக்கு" என்பார். அதையும் பதற்றம் என்றே நினைத்தோம். படுத்திருக்கும்போதும் நின்று மூன்று நிமிடத்திலும் அளந்து பார்த்தால், அழுத்தத்தின் மேல் எண் 138 என்று இருந்தது 102க்கு விழுந்திருந்தது. நோயாலும் மாத்திரையாலும் அப்படி ஆகுமாம். அது வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொன்னால் மருத்துவருக்குத்தான் எப்படித் தெரியும்?

இரவு ஆந்தை:

சுருக்கமாக என் முட்டாள்தனங்கள் இரண்டு.

ஒன்று. பயம் தாங்காமல், சொந்தக்காரர் வைத்திருந்த தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டேன். பயம் போனது உண்மை. விடிகாலை பாத்ரூம் போகும்போது விழுந்ததும் உண்மை. நம் சமநிலை ஏற்கெனவே தடுமாற்றம். அந்த வகை மாத்திரை அதை இன்னும் கெடுக்கும், சிலருக்குக் குழப்பமும் வரும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அது வேறு.

இரண்டு. டோபமைன் மாதிரியே வேலை செய்யும் பிரமிபெக்சோல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நாளில் ராத்திரி முழுக்க ஆன்லைன் சூதாட்டம். அந்த மருந்து சிலருக்கு அப்படி ஒரு வேகத்தைக் கிளப்பும் என்று தெரிந்ததும், வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் ஆரம்பித்த பீதியை எழுத எனக்கு வார்த்தை இல்லை. வியர்வை, அழுகை, செத்துவிடுவேன் என்ற நினைப்பு. அந்த வகை மருந்தைச் சட்டென்று விட்டால் இப்படி ஆகுமாம். மறுபடி ஆரம்பித்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். சூதாட்டத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனையும் இல்லை. மருத்துவர் முகம் சுளிக்கக்கூட இல்லை, தினம் பார்ப்பதுதானாம்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன வீட்டுப்பாடத்தை மாலைப் பயத்துக்கு நான் முயன்று பார்க்கப் போகிறேன். துணைக்கு வந்தவர் சொன்ன நான்காவது பத்தியைப் போட்டாயிற்று. இந்த முறை கோடு நேராக வந்தது. போன வேகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு கோட்டுக்கு ஒரு நிமிடம்.

ஆந்தைத் தம்பி, வெட்கத்தை விட்டு எழுதியதற்கு நன்றி. அதோடு ஒட்டிய ஒன்று. மாலைப் பயத்துக்காக மனநல மருத்துவர் எனக்கு ஒரு மாத்திரை எழுதினார். வாங்குவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். நான் ரசாஜிலின் (டோபமைன் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை) போடுகிறேன், அதோடு சில மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் வம்பு என்று அவரே மனநல மருத்துவரிடம் போனில் பேசி, இருவருமாக மருந்தையும் அளவையும் முடிவு செய்தார்கள். அவர் இவருடைய சீட்டைப் பார்த்திருக்கவில்லை, இவர் அவருடையதை. இப்போது எல்லா மாத்திரையும் ஒரே அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வாந்திக்கு என்று மெட்டோகுளோபிரமைடு கொடுக்க வேண்டாம் என்று அதில் சிவப்பு மையில் ஒரு வரியும் உண்டு. அது டோபமைனைத் தடுத்து நம்மை இன்னும் இறுக்கிவிடும். புது மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. பலன் தெரிய இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள்.

மகனிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நேற்று 11.10க்கு அவனே கூப்பிட்டான். "என்னடா?" என்றேன்.

"சும்மாதான்பா" என்றான்.