5 ராத்திரியில் கோலாலம்பூரும் லங்காவியும்: ஊர் முதலா, தீவு முதலா?

காட்பாடி கேட்:
அரையாண்டு லீவு, டிசம்பர் கடைசி வாரம். நாங்க 5 பேர்: நான், வீட்டுக்காரம்மா, அம்மா (66, முட்டி வலி), பையன் 11, பொண்ணு 4. கையில் 5 ராத்திரி. மலேசியா போறோம்: முதல் 2 கோலாலம்பூர், அப்புறம் 3 லங்காவித் தீவு. கடைசி நாள் மதியம் லங்காவியில் விமானம் ஏறி, அன்னைக்கு ராத்திரியே கோலாலம்பூரிலிருந்து சென்னை. இந்தக் கணக்கு சரிப்படுமா?

கோட்டை அகழி:
சரிப்படாது. தலைகீழா மாத்துங்க. உங்க திட்டத்தில் இருக்கிற ஓட்டையே அந்தக் கடைசி நாள்தான். லங்காவி விமானமும் சென்னை விமானமும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் 3 மணி நேரம் தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்கு அதில் பொறுப்பு இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் 5 பேருக்குப் புது டிக்கெட் வாங்கணும். தீவை முதலில் முடித்து, கடைசி 2 ராத்திரியை ஊரில் வைத்தால் விமானம் தாமதமானாலும் போவது ஒரு சாயங்காலம் மட்டும்தான்.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு:
அகழி சார், திரும்பி வர்ற நாளை மட்டும் பார்த்துச் சொல்றீங்க. போற நாளையும் பாருங்க. சென்னையிலிருந்து பறக்கும் நேரம் 4 மணி. நள்ளிரவை ஒட்டி ஏறினால் அங்கே காலை 6, 7 மணிக்கு இறங்கணும் (நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால்). 4 வயசுக் குழந்தைக்கு அது நம்ம ஊர் விடிகாலை 4 மணி. குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி செக்-இன், மறுபடி ஒரு மணி நேர விமானம், அப்புறம் லங்காவி ஓட்டலில் 3 மணிக்குத்தான் ரூம். அந்த அம்மா முட்டியோட எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்காருவாங்க? முதல் ராத்திரி ஊரில்தான் படுக்கணும்.

ஆற்காடு மக்கன்:
இன்னா சார், அஞ்சு நாளுக்கு இவ்ளோ அலைச்சல் எதுக்கு? அந்தமான் கீது. பாஸ்போர்ட் வேணாம், சென்னையிலிருந்து ரெண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேர் (இப்போ ஸ்ரீ விஜயபுரம்), அப்பால ஹேவ்லாக் தீவு. ஊரும் ஆச்சு, தீவும் ஆச்சு.

கோட்டை அகழி:
மக்கன், அந்தமானைக் குறை சொல்லவில்லை. ஆனால் டிசம்பரில் அங்கே 5 மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும். அவ்வளவு கிழக்கே இருந்தும் நம்ம கடிகாரம்தானே. மதியம் இறங்கினால் அன்றைய நாள் முடிந்தது. லங்காவியில் அதே மாதம் 7 மணி தாண்டித்தான் இருட்டும். வெயில் தணிந்து 5 மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் மணலில் ஆடலாம். அதோடு ஹேவ்லாக் போக வர இரண்டு தடவை படகு. காற்று எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்தாகணும். உங்க 5 ராத்திரியில் ஒன்று அங்கேயே போச்சு. பையன் கேட்பது மெட்ரோவும் கோபுரமும் என்றால் அது அங்கே கிடையாது.

ஆற்காடு மக்கன்:
கடைசி நாளு விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா பாஸ்போர்ட் இன்னும் எடுக்கலன்னா டிசம்பருக்கு அந்தமான்தான். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாருங்க சார். நெறய பேரு வூட்ல பேரு எழுதற எடம் காலியா இருக்கும். மொதல்ல பேரு ஏத்தணும், அப்பால பாஸ்போர்ட்.

காட்பாடி கேட்:
பாஸ்போர்ட் 5 பேருக்கும் இருக்கு. ஆனால் அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. டிக்கெட் போடும்போது அதைக் கட்டாயம் கேட்குதே?

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு:
நம்ம ஊரில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. அந்த இடத்தில் அப்பா பெயரையோ இனிஷியலையோ இஷ்டத்துக்குப் போட்டால் கவுன்டரில் நிறுத்துவான். ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் ஒரு விதி. சிலதில் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடணும். அவங்க தளத்தில் ஒற்றைப் பெயர் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்க. பிள்ளைகள் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும், பயணத் தேதிக்கு மேல் 6 மாதம் மிச்சம் இருக்கணும். பெரியவங்களோடது 10 வருஷம் என்ற நினைப்பில் பையனோட தேதியைப் பார்க்காமல் விட்டுடாதீங்க.

கோட்டை அகழி:
இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழையும் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். புத்தாண்டை ஒட்டிய பயணம் என்பதால் புக் பண்ணும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு டிஜிட்டல் வருகை அட்டை, எம்டிஏசி. இறங்குவதற்கு 3 நாளுக்குள் நிரப்பணும், குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று, இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை.

இன்னொன்று, தேதி. டிக்கெட்டில் 24-ம் தேதி 00:20 என்று இருந்தால் 23 ராத்திரி 9 மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்கணும். காரில் வந்தால் வேலூரை 5 மணிக்கு விட்டுடுங்க. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் கம்பெனி பஸ் நெரிசலில் மாட்டினால் வண்டி நகராது. காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில், அங்கிருந்து மெட்ரோ நேரா விமான நிலையம் போகும். அம்மாவுக்கும் அதுவே சுகம். இந்தத் தேதிக் கணக்கில் பாருங்க, உங்க 5 ராத்திரியில் ஒன்று விமானத்திலேயே போகுது. ஓட்டலுக்கு மிச்சம் 4 தான். 2 தீவு, 2 ஊர்.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு:
4 தான் என்றால் எனக்கு இன்னும் பலம். முதல் ராத்திரி ஊர், நடுவில் 2 தீவு, கடைசி ராத்திரி மறுபடி ஊர். தூக்கமும் ஆச்சு, தாமதத்துக்கும் இடம் ஆச்சு.

கோட்டை அகழி:
மூணு ஓட்டல்! 5 பேர் துணிமணியை மூணு தடவை மூட்டை கட்டி அவிழ்க்கணும். கேட்க நல்லா இருக்கும், செய்தால் இடுப்பு ஒடியும். தூக்கம்தான் பிரச்சினை என்றால் கோலாலம்பூர் விமான நிலையத்தில் டெர்மினல் 2-லிருந்து கூரை போட்ட நடைபாதையில் நடந்தே போகிற தூரத்தில் ஓட்டல் இருக்கு. காலை சில மணி நேரத்துக்கு ரூம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்க. குளித்து, 4 மணி நேரம் தூங்கி, மதியம் 1 மணிக்கு மேல் லங்காவி விமானம். இரண்டு விமானமும் ஒரே டெர்மினலா என்று பாருங்க. 1-க்கும் 2-க்கும் நடுவில் ரயிலோ பஸ்ஸோ ஏறித்தான் போகணும்.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு:
பகல் ரூம் உறுதியானால் ஒத்துக்கிறேன். உறுதியாகாவிட்டால் என் திட்டம்தான்.

காட்பாடி கேட்:
சரி, தீவு முதல். அம்மாவுக்கு லங்காவியில் எதெல்லாம் முடியும்?

கோட்டை அகழி:
தீவு தாவும் படகுச் சுற்றுலாவில் தயாங் புன்திங் ஏரிக்கு இறங்கிப் படி ஏறி இறங்கணும். அது வேண்டாம். பதிலாகக் கிலிம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள் கூரை போட்ட படகு. வௌவால் குகையில் மட்டும் குனிஞ்சு நடக்கணும். அம்மா படகிலேயே இருக்கலாம். மச்சின்சாங் மலைக் கேபிள் காரில் உட்கார்ந்தபடியே 700 மீட்டர் உயரம் போகலாம். ஆனால் உச்சியில் வளைவான தொங்கு பாலத்துக்குப் போகப் படி, இல்லையென்றால் தனி டிக்கெட்டில் சின்ன லிஃப்ட் வண்டி. காற்று அடித்தால் மொத்தத்தையும் நிறுத்துவார்கள், அதனால் இரண்டு காலையில் முதல் காலையிலேயே போங்க. நின்றுபோனால் மறுநாள் இருக்கு. பஸ் என்று எதையும் நம்பாதீங்க, கிராப் ஆப்பில் கூப்பிடும் வண்டிதான். 5 பேர் என்பதால் 6 சீட் கேளுங்க, 4 சீட் வண்டிக்காரன் ஏத்த மாட்டான்.

ஆற்காடு மக்கன்:
ஜெல்லி மீன் இருக்குமே?

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு:
இருக்கு. குழந்தைக்கு முழுக்கை நீச்சல் உடை, பையில் ஒரு பாட்டில் வினிகர். கொட்டின இடத்தில் நல்ல தண்ணீர் ஊத்தித் தேய்க்கக் கூடாது. மேலே ஒட்டியிருக்கிற கொட்டு செல்கள் இன்னும் வெடித்து விஷம் ஏறும். வினிகர் ஊத்திட்டு ஆஸ்பத்திரி.

கோலாலம்பூருக்கு ஒரு சொல். டிசம்பரில் லங்காவி காய்ந்திருக்கும், ஊரில் மதியத்துக்கு மேல் இடி மழை. வெளி வேலை எல்லாம் காலையில். பத்துமலை முருகன் கோயிலுக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து (கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையம்) கேடிஎம் ரயில் நேரா போகும். மேலே 272 படி, அம்மா கீழேயே கும்பிடலாம். கீழேயும் சன்னிதிகள் உண்டு. தேங்காய்ப் பழப் பையைக் கையில் தொங்க விடாதீங்க, குரங்கு பிடுங்கிடும். இரட்டைக் கோபுரம் திங்கள் விடுமுறை, டிக்கெட் முன்பதிவு. மதிய மழைக்கு அதன் பக்கத்திலேயே மீன் காட்சியகம். தங்குவது பிரிக்ஃபீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரலை ஒட்டிய இந்தியர் பகுதி; இட்லி தோசைக்கு அலைய வேண்டாம்.

காட்பாடி கேட்:
பிரிக்ஃபீல்ட்ஸில் 5 பேருக்கு ஒரே ரூம் தருவாங்களா?

கோட்டை அகழி:
4 பேர் ரூமில் ஐந்தாவதாகக் குழந்தையைச் சேர்க்க விடுவது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். புக்கிங்கில் வயசோடு 5 பேரையும் போடுங்க. 4 போட்டுவிட்டு அங்கே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியா வாங்குவான், இரண்டு ரூம் என்றால் 20. சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்க.