புதுப்பிப்பு: திரையைப் பார்க்காமல் லவுட்னஸ் அளப்பது

லவுட்னஸை, அதாவது பாட்டு காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை, அளக்க நான் வாங்கிய மீட்டர் பிளக்இன் (ஒலிப்பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) எண்களைப் படமாக வரைகிறது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ வாயே திறப்பதில்லை, பார்வையில்லாமல் மாஸ்டரிங் (பாட்டை வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்பவர் எப்படித்தான் அளப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பிளக்இன் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வழி கிடைத்துவிட்டது.

பாட்டை வேவ் கோப்பாக எடுத்து கட்டளை எழுதி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், லவுட்னஸ் அளக்கும் ஈபியூஆர்128 ஃபில்டரில் ஓட்டுகிறேன். கடைசியில் மொத்த லவுட்னஸ், எல்ஆர்ஏ (லவுட்னஸ் ஏறி இறங்கும் வீச்சு) எல்லாம் வெறும் எழுத்தாக வந்துவிடும், ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மட்டும் தனியாகக் கேட்டால்தான் வரும். ஒரு தொல்லை, ஓடும்போது 100 மில்லிசெகண்டுக்கு ஒரு வரி கொட்டும், ஸ்கிரீன் ரீடர் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும். ஃபிரேம்லாக் விருப்பத்தை குவயட் என்று வைத்தால் முடிவு மட்டும் மிஞ்சும். ஒளிபரப்புக்கு -23 எல்யூஎஃப்எஸ் (லவுட்னஸின் அலகு), ஸ்பாட்டிஃபைக்கு -14 என்று ஒப்பிட அது போதும்.

சரி, பாட்டு ஓடும்போதே? ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்த உதவும் ஓசாரா நீட்சியின் பீக் வாட்சர், நான் வைத்த அளவை பீக் தாண்டினால் சொல்லிவிடுகிறது. ஆனால் பீக் வேறு, லவுட்னஸ் வேறு. பல்லவியில் 3 செகண்டுக்கான லவுட்னஸ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அந்தப் பகுதியை மட்டும் வெட்டி அளக்கிறேன், எரிச்சலான வேலைதான்.

பிளக்இன் செய்பவர்களிடம் பேசும் மீட்டரெல்லாம் கேட்கவில்லை. எண்களை எழுத்தாக நகலெடுக்க ஒரு பட்டன், அதுவும் டேப் விசையில் எட்டுகிற மாதிரி, அவ்வளவுதான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.