அம்மாவின் கிராப் தாள்களும் நம் வீட்டு பீரோக்களும்

தாரமங்கலத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

அம்மா தவறிய செய்தி கேட்டு மடல் போட்டவர்களுக்கும், ஊரிலிருந்த சொந்தங்களை அனுப்பி வைத்துக் காரியம் முடியும்வரை துணை நின்றவர்களுக்கும் ரொம்ப நன்றி. தனித்தனியாகப் பதில் எழுத மனசு இன்னும் கூடி வரவில்லை. அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவும் வேண்டும், உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். அதனால் எல்லாருக்குமாக இந்த ஒரே மடல்.

நம்மில் மூத்தவர்களுக்கு அவர் 'டிசைன் அக்கா'. தறிக்காரர்களுக்கு ஜக்கார்டு டிசைன் வரைந்து கொடுத்தவர். இப்போது அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. சின்னவர்களுக்காக விளக்கிச் சொல்கிறேன். ஜக்கார்டு என்பது தறிக்கு மேலே இருந்து பாவு நூலை, அதாவது சேலையின் நீளவாக்கு நூலை, கொக்கிகளால் தூக்கிவிடும் பொறி. 240 கொக்கி ஜக்கார்டு என்றால் கிராப் தாளில் அகலத்துக்கு 240 கட்டம். நிறம் அடித்த கட்டத்துக்குப் பாவு நூல் மேலே எழும்பும், வெறும் கட்டத்துக்கு எழும்பாது. ஒவ்வொரு வரிசைக் கட்டத்துக்கும் ஓர் அட்டை. எந்தக் கொக்கி எழும்ப வேண்டும் என்பதை அட்டையில் இருக்கும் ஓட்டைதான் சொல்லும். அட்டை குத்துகிறவர் தாளைப் பார்த்துத்தான் ஓட்டை போடுவார். ஒரு கட்டம் பிசகினால் சேலை நீளத்துக்கும் கிளிக்கு மூக்கு உடைந்தே வரும்.

கஷ்டம் வளைவில்தான். கிளியின் கழுத்தைப் பென்சிலால் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். அப்புறம் அந்த வளைவைக் கட்டம் கட்டமாகப் படி இறக்க வேண்டும். எந்த இடத்தில் இரண்டு கட்டம் தள்ளிப் படி வைப்பது, எந்த இடத்தில் ஒன்று என்பதில்தான் கிளி உயிரோடு வருவதும் பொம்மையாய்ப் போவதும். தாளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்வரை பின்னால் போய் நின்று பார்ப்பார். திரும்பி வந்து நாலு கட்டத்தை அழிப்பார். டிசைனுக்கு இவ்வளவு என்று கூலி. எந்தச் சேலையிலும் அவர் பெயர் கிடையாது. என்னைக் கேட்டால் நம் ஊர் பார்த்த பெரிய ஓவியர் அவர்.

படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் படித்து வெளியூர் போன பிறகு தனித்தேர்வராகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதினார். அஞ்சல் வழியில் வரலாறு பி.ஏ., எம்.ஏ. முடித்தார். 1997-இல் சேலத்துக்குப் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததே, பின்னாளில் அங்கேயே எம்.ஃபில். சேர்ந்தார். ஓமலூரில் பஸ் மாறிப் போய்வர வேண்டும். "சோறு நானே வடிச்சுக்கறேன், நீ கெளம்பு" என்றார் அப்பா. அதற்காகவே அவரை எத்தனை கும்பிட்டாலும் தகும்.

ஆய்வுக்கு எடுத்தது நம் கைலாசநாதர் கோயில். 'தாரமங்கலம் தூணழகு' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி 17-ஆம் நூற்றாண்டில் முடித்த கோயில் என்பதும் தெரியும். ராமர் இருக்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவான், வாலியிடமிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார் என்று விருந்தாளிகளுக்கு நாமே காட்டியிருக்கிறோம். அம்மா அதை அதிசயம் என்று சொல்லிவிட்டு நகரவில்லை. ஒரு முனையை நான் பிடிக்க, தூணுக்குத் தூண் கயிறு இழுத்து அளந்தார். பார்வை எங்கே மறைகிறது என்று அதே கிராப் தாளில் குறித்தார். அளவு தெரிந்த பிறகு அந்தச் சிற்பி மேல் அவருக்கு மரியாதை இன்னும் கூடித்தான் போயிற்று.

விதானத்தில் கல் தாமரையைச் சுற்றி இருக்கும் கிளிகள் அவருக்கு உயிர். கழுத்து நோக அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாக வரைந்தார். நம் தறிகளில் ஓடிய கிளிக்கரை இதைப் பார்த்து வந்ததுதான் என்று எழுதிவிடும்படி பலரும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா சம்மதிக்கவில்லை.

"கிளி காஞ்சிபுரத்துச் சேலையிலயும் இருக்கு கண்ணு. நம்ம கிளி எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லணும்னா பழைய சேலை கையில வேணும்."

அந்தப் பழைய சேலைதான் கிடைக்கவில்லை. ஜரிகைக்காக வாங்க வருகிறவர்களிடம் நம் வீடுகளே எடைக்குப் போட்டுவிட்டன. ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்தால் சேலையும் இல்லை, டிசைனும் இல்லை. அதனால் ஆய்வேட்டில் கிளிக்கரை பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவருடைய கடைசி நோட்டில் 'கிளிக்கரை' என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே பக்கங்கள் காலி.

நான் கேட்பது இதுதான். உங்கள் அம்மா, அம்மாயி, அப்பத்தா பீரோவில் ஊர்த் தறியில் நெய்த பழைய சேலை இருந்தால், கிளிக்கரையோ வேறு கரையோ, படம் எடுத்து அனுப்புங்கள். வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில் விரித்து, பக்கத்தில் ஸ்கேல் ஒன்று வைத்து, கரையையும் முந்தியையும் முன்புறம் பின்புறம் இரண்டும் எடுங்கள். நூல் போன வழி பின்புறத்தில்தான் நன்றாகத் தெரியும். யார் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்தத் தெருத் தறியில் நெய்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். உத்தேசமாக ஒரு வருஷத்தைப் போட வேண்டாம். கிழிந்த சேலையானாலும் சரி. எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டில் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தை மாதம் நான் ஊரில் இருப்பேன். அம்மாவின் கிராப் தாள்களை ஸ்கேன் செய்து குழுவில் போடுகிறேன். அட்டை குத்தத் தெரிந்த பெரியவர்கள் யாராவது அப்போது ஊரில் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
டிசைன் அக்கா மகள்