சதீஷ் ஷா நடித்ததில் எதை முதலில் பார்க்கலாம்?

கேள்வி:
வணக்கம். யூடியூபில் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' என்ற இந்தி நகைச்சுவைத் தொடரின் துண்டுக் காட்சிகள் சில கண்ணில் பட்டன. மனைவி மாயாவை ஓயாமல் சீண்டும் இந்திரவதன் யார் என்று தேடினால் சதீஷ் ஷா, 2025 அக்டோபரில் 74 வயதில் காலமானார் என்று வருகிறது. இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டோமே என்று மனசு கனத்துவிட்டது. எனக்கு இந்தி அரைகுறைதான். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1:
'யே ஜோ ஹை ஜிந்தகி', 1984இல் தூர்தர்ஷனில் வந்தது. எங்கள் தெருவில் அப்போது ஒரே வீட்டில்தான் டிவி, இந்தி தெரிந்தவர் யாரும் கிடையாது, ஆனாலும் கூடம் நிறைந்து திண்ணை வரை ஆள் உட்கார்ந்திருக்கும். ஷஃபி இனாம்தார், ஸ்வரூப் சம்பத், ராகேஷ் பேடி எல்லாரும் வாராவாரம் அதே ஆட்கள். சதீஷ் ஷா மட்டும் ஒவ்வொரு வாரமும் வேறு ஆளாக வருவார். மொத்தம் ஐம்பதுக்கும் மேலான வேஷங்கள்! மீசையும் விக்கும் மட்டுமா, நடையும் பேச்சின் இழுப்பும் கூட மாறும். இந்த வாரம் யாராக வருவார் என்பதில்தான் எங்களுக்குள் பந்தயமே.

பதில் 2:
அந்தத் தொடரை இயக்கியவர்களில் ஒருவர் குந்தன் ஷா. முந்தின வருஷம் அவர் எடுத்த 'ஜானே பி தோ யாரோ' சினிமாதான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். சதீஷ் ஷா அதில் கமிஷனர் டிமெல்லோ. நடுவிலேயே செத்துப்போவார், அப்புறம் படம் முழுக்கப் பிணம். கடைசியில் மகாபாரத நாடக மேடையில் அந்தப் பிணத்துக்குச் சேலை சுற்றி திரௌபதியாக நிறுத்தி ஆளாளுக்கு இழுப்பார்கள். தாங்குகிறவன் கையை விட்டால் சரிய வேண்டும், பிடித்தால் நிற்க வேண்டும், தானாக அசைவது மாதிரி ஒரு நொடி தெரிந்தாலும் காட்சி போச்சு. புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர், உடம்பை அப்படிப் பழக்கி வைத்திருந்தார்.

பதில் 3:
இந்தி அரைகுறை என்றால் சாராபாயையே முழுசாகப் பாருங்கள், நண்பரே. துண்டு துண்டாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மகன் ரோசேஷ் கவிதை வாசிக்க, மாயா உருகி நிற்க, அப்போது கேமரா யார் மேல் இருந்தாலும் நீங்கள் இந்திரவதன் முகத்தைத் தேடுங்கள். மாயாவாக வரும் ரத்னா பாடக் ஷாவும் சதீஷ் ஷாவும் 'ஃபில்மி சக்கர்' தொடரிலேயே கணவன் மனைவியாக நடித்தவர்கள், அந்தப் பழக்கம் ஒவ்வொரு சண்டையிலும் தெரியும். சாராபாய் 2004இல் ஸ்டார் ஒன் சேனலில் வந்தபோது பெரிய டிஆர்பி கிடையாது. பிறகு ஜனங்கள் தேடித்தேடிப் பார்த்ததால்தான் 2017இல் இணையத்தில் மறுபடி எடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, சாராபாய் முதல் எபிசோடிலிருந்து இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து அந்தத் திரௌபதி காட்சி. ரொம்ப நன்றி.