புதுப்பிப்பு: பித்தளை ஓடாத அந்த ஹெட் டியூப் இணைப்பு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சைக்கிள் ஃபிரேமின் ஹெட் டியூபில் (ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்பக்கக் குழாய்) லக்கை (குழாய்கள் சேரும் இடத்தில் மாட்டும் உலோக உறை) இணைக்கும்போது, உருக்கிவிடும் பித்தளை உள்ளே ஓடாமல் விளிம்பிலேயே உருண்டு நிற்கிறது, ஏன் என்று. சூடு மீறி ஃப்ளக்ஸ் (சூட்டில் உலோகம் கறுக்காமல் காக்கப் பூசும் பசை) கருகியிருக்கும், வெட்டிப் பாருங்கள் என்றீர்கள். வெட்டினேன். வெளியே பளபளவென்று இருந்த இணைப்பு, உள்ளே பாதிக்கு மேல் காலி. மனசே விட்டுப்போனது. அதில் ஏறி ஓட்டியிருந்தால்?

பித்தளைக்குச் சுமார் 900 டிகிரி வேண்டும். அது என் கைக்கு இன்னும் வசப்படவில்லை. இப்போதைக்கு 56 சதவீத வெள்ளிக் கம்பிக்கு மாறிவிட்டேன். 650 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். ஆனால் குழாய்க்கும் லக்குக்கும் நடுவே இடைவெளி 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கவேண்டும், அதனால் அரம் பிடிக்கும் வேலை இரட்டிப்பு.

குழாயை எமரித் தாளால் நன்றாகத் தேய்த்து, முதலில் குழாய்க்கு, அப்புறம் லக்குக்குச் சூடு. வெண்பசையாக இருந்த ஃப்ளக்ஸ் நுரைத்து அடங்கி, கண்ணாடி மாதிரி தெளியும். அந்த நொடியில் கம்பியை வைத்தால் சூடு இருக்கும் பக்கம் வெள்ளி தானே ஓடுகிறது. மறுமுனையில் மெல்லிய கோடாக அது எட்டிப் பார்த்தபோது சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

சரி, அதையும் வெட்டிப் பார்த்தேன். முழுக்க நிரம்பியிருக்கிறது. ஃபிரேமின் முன் முக்கோணத்துக்குக் குழாய்கள் அறுத்து வைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை பற்றவைக்கிறேன்.