பனையோலை டீ.என்.ஏ. பழுப்பாயும் களியாயும் வருகுது, பீ.சீ.ஆரில் ஒண்டும் தெரியேல்லை – உதவி தேவை

வடலி:
யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்யிறன், பனையோலையிலை இருந்து டீ.என்.ஏ. பிரிச்செடுக்கவேணும். முற்றின பனையோலை 100 மில்லிகிராமைக் குளிரூட்டின உரலில் அரைச்சு, 2 சதவீத சீடாப் (கலத்தை உடைச்சு டீ.என்.ஏ.யை வெளியிலை விடுற சவர்க்காரம்) கரைசல் 1 மில்லிலீற்றர் விட்டு, 65 பாகையில் 30 நிமிடம் வைச்சன். பிறகு குளோரோபோம் ஒருக்கா. ஐசோபுரொப்பனோல் விட்டு இரவு முழுக்க மைனஸ் 20இல். காலமை பார்த்தால் ரியூப்பின் அடியில் பெரிய வீழ்படிவு, தேத்தண்ணிச் சாயத்தில். கரையுதே இல்லை, பைப்பற் நுனியோட நூல் மாதிரி இழுபடுது. நானோட்ரொப்பில் (ஒளி உறிஞ்சலாலை டீ.என்.ஏ. அளவு பார்க்கிற கருவி) மைக்ரோலீற்றருக்கு 480 நானோகிராம், தூய்மை காட்டுற 260/280 விகிதம் 1.5, 260/230 விகிதம் 0.6. டீ.என்.ஏ.யைப் பெருக்கிற பீ.சீ.ஆரில், அதே பிறைமரோட (பெருக்கவேண்டிய இடத்தைக் குறிக்கிற குறுந்துண்டு) மிளகாய் இலை டீ.என்.ஏ. நல்லா வந்தது. பனை ஐந்து மாதிரியிலும் ஜெல்லில் பட்டை இல்லை. திரவ நைதரசன் எங்களிட்டை இல்லை. எங்கை பிழை விடுறன்?

கங்குமட்டை:
மிளகாய் வந்தபடியால் பிறைமரும் நொதியமும் சரி. உங்களுக்கு ரெண்டு தொல்லை ஒண்டாய்க் கிடக்கு: பழுப்பு நிறம் பீனோல், களி பொலிசக்கரைட்டு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி). ரெண்டுக்கும் மருந்து வேறை.

முதல் ஓலையை மாத்துங்கோ. விரியாத குருத்தோலையை எடுங்கோ. பீனோலும் நாரும் குறைவு. ஈர்க்கை உரிச்சுப்போட்டு ஓலையை மட்டும் ஒரு சென்ரிமீற்றர் துண்டாய் வெட்டி சிலிக்கா ஜெல்லில் ரெண்டு நாள் காயவிட்டால் நைதரசன் இல்லாமலே மாவாய் அரைபடும். காய்ஞ்ச ஓலை 20 மில்லிகிராம் காணும்.

பீனோல் காற்றுப்பட்டு ஒட்சியேறினதும் டீ.என்.ஏ.யோட ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவி எடுக்கிறது கஷ்டம். அதாலை கரைசலை முதலே 65 பாகைக்குச் சூடாக்கி வைச்சு, அரைச்ச கையோட விடுங்கோ. அதிலை பீனோலைப் பிடிக்கிற பீ.வீ.பீ. 2 சதவீதம் இருக்கவேணும். ஒட்சியேற்றத்தைத் தடுக்கிற பீற்றா மேர்கப்ரோஎதனோலை அண்டைக்கண்டைக்கு மில்லிலீற்றருக்கு 5 மைக்ரோலீற்றர் சேருங்கோ. சேர்த்து வைச்ச பழைய கரைசல் வேலை செய்யாது. புகைக்கூட்டுக்குள்ளை செய்யுங்கோ.

குளோரோபோம் ஒருக்கா காணாது. ஐசோஅமைல் அற்ககோலோட 24:1 கலவையில், நடுவிலை நிக்கிற வெள்ளைப்படை மெல்லிசாகும்வரை ரெண்டு, மூண்டு தரம். டீ.என்.ஏ. இருக்கிற மேற்படையை முழுக்க உறிஞ்ச ஆசைப்படாதேங்கோ, கடைசி ஒரு மில்லிமீற்றரை விடுங்கோ. இந்த நேரம் மையநீக்கியை 4 பாகையில் ஓட்டவேண்டாம். 15 பாகைக்குக் கீழே சீடாப்பே படிஞ்சுபோடும்.

களிக்கு உப்பு. மேற்படை 400 மைக்ரோலீற்றருக்கு 5 மோலார் சோடியம் குளோரைட்டு 200 சேர்த்து, பிறகு குளிர் எதனோல் 1200. மொத்தம் 1.8 மில்லிலீற்றர், 2 மில்லிலீற்றர் ரியூப் எடுங்கோ. உப்பு கூடினால் பொலிசக்கரைட்டு கரைசலிலையே நிக்கும், டீ.என்.ஏ. மட்டும் இறங்கும். 4 பாகையில் 20 நிமிடம் காணும். இரவு முழுக்க மைனஸ் 20இல் வைச்சதுதான் களியையும் சேர்த்து இறக்கினது. உப்புப் போக 70 சதவீத எதனோலால் ரெண்டு தரம் கழுவுங்கோ.

வடலி:
நன்றி அண்ணை. பழைய ஐந்து ரியூப்பையும் எறியிறதோ? அளவு 480 இருக்கே?

கங்குமட்டை:
480ஐ நம்பாதேங்கோ. ஆர்.என்.ஏ.யும் பீனோலும் அந்த எண்ணைக் கூட்டிக் காட்டும். 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில், அளவு தெரிஞ்ச லம்டா டீ.என்.ஏ. 50, 100 நானோகிராமுக்குப் பக்கத்திலை ஓட்டிப் பாருங்கோ. குழியிலையே வெளிச்சம் தேங்கி நிண்டால் அது களி பிடிச்சுவைச்சிருக்கிறது. குழியிலை விட்டதும் மாதிரி மேலே மிதந்தால் எதனோல் காயேல்லை.

எறியாதேங்கோ. 1:20, 1:100 எண்டு ஐதாக்கிப் பீ.சீ.ஆர். போடுங்கோ. பீ.சீ.ஆரைத் தடுக்கிற பொருள் (தடுப்பான்) ஐதாகும். உங்கடை பிறைமர் பச்சையவுருமணி டீ.என்.ஏ.க்கெண்டால், அது ஓலையில் நிறைய இருக்கிறபடியால் இலக்கு மிஞ்சும். கூடவே ஒரு ரியூப்பில் மிளகாய் டீ.என்.ஏ.யோட பனை டீ.என்.ஏ. 1 மைக்ரோலீற்றர் கலவுங்கோ. மிளகாய்ப் பட்டை மறைஞ்சால் தடுப்பான்தான் எண்டது உறுதி.

ஆனையிறவு:
ஒண்டு சேர்க்கிறன். குளோரோபோம் கழிவைத் தொட்டியிலை ஊத்தாதேங்கோ. எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறம். ஊத்தினது கல்லு வெடிப்பாலை நேரை நிலத்தடி நீருக்குப் போகும். மூடியோட கண்ணாடிப் போத்தலில் பேர் எழுதிச் சேர்த்து, பொறுப்பானவையிட்டைக் குடுங்கோ. நைற்றைல் கையுறையாலும் குளோரோபோம் சில நிமிடத்திலை ஊடுருவும். பட்டால் உடனை மாத்துங்கோ.

வடலி:
1:20இல் நாலு மாதிரிக்குப் பட்டை வந்திட்டுது! ஐந்தாவது 1:100இலும் இல்லை.

கங்குமட்டை:
அந்த ஓலை மற்றதைவிடப் பழுப்பாய் இருந்திருக்கும். அதை மட்டும் குருத்திலை திரும்ப எடுங்கோ.